முடிவற்ற பிரச்சினையும் முடிக்கவேண்டிய ஆக்கமும்: கைத்தொழில் வடிவமைப்பில் இறுதியாண்டுத் தனிநபர்ச் செயற்றிட்டம்

பல்கலைக்கழகக் கல்வியின் இறுதியாண்டிலே ஒவ்வொரு மாணவரும் தனித்து நின்று நிறைவேற்ற வேண்டிய பணியொன்று பெரும்பாலான துறைகளில் விதிக்கப்பட்டுள்ளது. கலைத்துறையினர் ஆய்வேடு எழுதுகின்றனர். விஞ்ஞானத்துறையினர் பரிசோதனைகளை நடத்தி அறிக்கை சமர்ப்பிக்கின்றனர். பொறியியற்றுறையினர் செயற்றிட்டமொன்றை மேற்கொள்கின்றனர். கைத்தொழில் வடிவமைப்புப் பயில்வோருக்கும் இத்தகைய பணி உண்டு. ஆயின் அவர்கள் கையளிப்பது ஏடு மாத்திரமன்று. தொட்டுப் பாவித்துப் பார்க்கக்கூடிய ஒரு பொருளையும், அப்பொருள் ஏன் அவ்வாறு அமைந்தது என்பதற்கான நியாயங்களைத் தாங்கிய அறிக்கையையும், தேர்வாளர் முன்னிலையில் நின்று தரும் வாய்மொழி விளக்கத்தையும் அவர்கள் ஒருங்கே அளிக்க வேண்டியுள்ளது.

இலங்கையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகம் வடிவமைப்பை ஒரு பட்டநெறியாகப் போதித்து வருகின்றது. எனினும் வடிவமைப்பு என்றதும் அதனை அலங்காரத்தோடு சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. இறுதியாண்டு மாணவர் பலர் தமது பணியை அழகிய மாதிரியொன்றைச் செய்து காட்சிக்கு வைப்பதாகவே விளங்கிக்கொள்வதற்கும் இவ்வெண்ணமே காரணமாகின்றது. இத்தகைய செயற்றிட்டத்தின் இயல்பு யாது, அது எவ்வெப்படிகளினூடாக வளர்கின்றது, எப்போது அது முடிவுற்றதாகக் கொள்ளப்படலாம், அதன் பயன் யாரைச் சேர்கின்றது ஆகிய நான்கு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. கைத்தொழில் வடிவமைப்பின் தோற்றம்

குயவன் பானை வனையும்போது சிந்தனையும் கையும் பிரிவதில்லை. மண்ணின் பதத்தைக் கை உணர்கின்றது; கை உணர்ந்ததற்கேற்ப உருவம் மாறுகின்றது. பானையின் வாய் சற்று அகன்றுவிடின் அடுத்த பானையில் அது திருத்தப்படும். பாவிப்போரும் அதே ஊரவர். குறை கூற வேண்டுமாயின் நேரே வந்து கூறுவர். தலைமுறை தலைமுறையாக நடைபெற்ற இத்திருத்தங்களின் திரட்சியே மரபுவழிப் பொருள்களின் செம்மைக்குக் காரணமெனலாம்.

இயந்திர உற்பத்தி இத்தொடர்பை அறுத்தது. வேலைப்பிரிவினை வளர்ந்தபோது பொருளை எண்ணுபவர் ஒருவராகவும், அச்சு வெட்டுபவர் வேறொருவராகவும், இயந்திரத்தை இயக்குபவர் மற்றொருவராகவும் ஆயினர். பாவனையாளரோ இவர்களில் எவரையும் காணாத தூரத்தில் இருக்கலானார். வரைபடத்தில் நேர்ந்த ஒரு தவறு இலட்சம் பொருள்களில் அவ்வாறே மீண்டும் மீண்டும் தோன்றும். எனவே உற்பத்தி தொடங்குமுன்னரே பொருளின் உருவத்தையும் இயக்கத்தையும் செலவையும் பாவனையையும் முன்கூட்டி ஆராய்ந்து தீர்மானிக்கும் ஒரு தொழில் அவசியமாயிற்று. அதுவே கைத்தொழில் வடிவமைப்பு ஆகும். குயவனுக்குத் தானாகக் கிடைத்த அறிவை வடிவமைப்பாளர் தேடிச் சென்று பெற வேண்டியவராகின்றார். அத்தேடலை ஒருவர் தனித்துச் செய்யவல்லவரா என்பதைச் சோதிப்பதே இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் அடிப்படை நோக்கமாகும்.

2. உல்ம் கல்லூரியும் ஒரு மாணவரின் கோப்பைகளும்

இத்தகைய செயற்றிட்டம் எத்துணைப் பெறுமதி வாய்ந்ததாக அமையலாம் என்பதற்கு மேற்கு ஜேர்மனியின் உல்ம் வடிவமைப்புக் கல்லூரி சிறந்த சான்றினைத் தருகின்றது. நாசி ஆட்சியை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் விநியோகித்தமைக்காக 1943ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆந் திகதி கொல்லப்பட்ட ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் ஆகிய மாணவ உடன்பிறப்புகளின் நினைவாக, அவர்களது சகோதரி இங்கே ஷோல் நிறுவிய அறநிதியமே இக்கல்லூரியை அமைத்தது. அவரோடு ஒட்ல் ஐஷரும் மக்ஸ் பில்லும் முன்னின்று உழைத்தனர். 1953இல் கற்பித்தல் ஆரம்பமாயிற்று. 1955இல் கல்லூரியின் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டது. பாசிசத்தின் அழிவுக்குப் பின்னர் மக்களின் அன்றாட வாழ்க்கைச் சூழலைப் பகுத்தறிவின் அடிப்படையில் மீளமைத்தல் சனநாயகப் பணியே என்னும் நம்பிக்கை இக்கல்லூரியின் பிறப்போடு கலந்திருந்தது.

கல்லூரியின் முதற்றலைவரான மக்ஸ் பில், 1919 முதல் 1933 வரை இயங்கிய பௌஹவுஸ் கல்லூரியின் பழைய மாணவர். வடிவமைப்பாளரைக் கலைஞராகக் காணும் நோக்கு அவருடையது. ஆர்ஜென்ரீனாவைச் சேர்ந்த தொமாஸ் மல்டொனாடோ முதலியோர் இதனை ஏற்கவில்லை. பொறியியலாளர், விற்பனையாளர், தொழிலாளர், பாவனையாளர் ஆகியோரின் தேவைகளை இணைத்துத் தீர்வு காணும் பணியாளரே வடிவமைப்பாளர் என அவர்கள் வாதித்தனர். 1957இல் பில் கல்லூரியைவிட்டு நீங்கினார். அதன் பின்னர் கணிதம், உடலளவியல், சமூகவியல் முதலியன பாடத்திட்டத்தில் வலுப்பெற்றன. இறுதியாண்டுப் பணி செய்முறைப் பகுதி, கோட்பாட்டுப் பகுதி என இரு கூறுகளை உடையதாயிருந்தது. இன்று பல நாடுகளில் நடைமுறையிலுள்ள இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் அமைப்பில் இதன் சாயலைக் காணலாம்.

1955இல் அங்கு சேர்ந்த ஹான்ஸ் ரோரிக்ற் என்னும் மாணவர் 1959இல் தமது இறுதிப் பணியாக உணவுச்சாலைகளுக்கான பீங்கான் பாத்திரத் தொகுதியொன்றை ஆக்கினார். வீட்டு மேசைக்கும் பெரிய உணவுச்சாலைக்கும் உள்ள வேறுபாட்டை அவர் தமது தொடக்கப்புள்ளியாகக் கொண்டார். உணவுச்சாலையில் பாத்திரம் மேசையிலே கழிக்கும் நேரத்திலும் அலுமாரியிலும் கழுவுமிடத்திலும் தட்டிலும் கழிக்கும் நேரமே அதிகம். ஆகவே ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடியதாக இருத்தல் முதன்மையான நிபந்தனையாயிற்று. கோப்பை, கிண்ணம், சாடி முதலியன யாவற்றுக்கும் ஒருசில விட்டங்களும் ஒரே வகையான பக்கச் சாய்வும் வகுக்கப்பட்டமையால் வெவ்வேறு வகைப் பாத்திரங்களும் ஒன்றோடொன்று அடுங்கின.

இதன் பயனை எளிய கணக்கொன்றால் விளக்கலாம். 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள 100 கோப்பைகளைத் தனித்தனியே வைப்பின் 80 சென்ரிமீற்றர் பக்கமுடைய சதுரமாக 6400 சதுர சென்ரிமீற்றர் இடம் தேவைப்படும். ஐந்தைந்தாக அடுக்கின் 1280 சதுர சென்ரிமீற்றர் போதுமானது. சமையலறைத் தொழிலாளி நடக்க வேண்டிய தூரமும், சுமக்க வேண்டிய தட்டுகளின் எண்ணிக்கையும் அதற்கேற்பக் குறைகின்றன. றோசன்தால் நிறுவனம் தனது தோமஸ் என்னும் வணிகப் பெயரில் இத்தொகுதியை உற்பத்தி செய்தது. பல பத்தாண்டுகளுக்கு அது பாவனையில் இருந்தது. நியூயோர்க் நவீன கலை அரும்பொருளகத்தின் சேகரிப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. இக்கோப்பைகளின் அழகைப் பலர் வியந்துள்ளனர். ஆனால் அவ்வழகு பின்னர் பூசப்பட்டதொன்றன்று. விட்டத்தையும் சாய்வையும் விளிம்பையும் நிர்ணயித்த நியாயங்களின் விளைவாகவே அது தோன்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

3. பிரச்சினையை வரையறுத்தல்

செயற்றிட்டத்தின் முதற்படி பிரச்சினையைத் தெரிதல். நடைமுறையில் மாணவர் பெரிதும் இடறும் இடமும் இதுவே. "நல்ல கதிரை ஒன்றை வடிவமைத்தல்" என்பது பிரச்சினை ஆகாது. யாருக்கு, எச்சூழலில், எத்தனை மணிநேரத்திற்கு, எவ்விலைக்குள், எத்தொழிற்சாலையில் என்னும் வினாக்களுக்கு விடை கிடைத்த பின்னரே அது பிரச்சினையின் உருவைப் பெறும்.

1958இல் இந்திய அரசாங்கத்தின் அழைப்பில் அங்கு சென்ற அமெரிக்க வடிவமைப்பாளர்களான சாள்ஸ் ஈம்ஸ், றே ஈம்ஸ் தம்பதியர் சமர்ப்பித்த அறிக்கை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. இந்தியாவில் தாம் கண்டு வியந்த பொருள்களுள் நீர் முகக்கும் செம்பினை அவர்கள் முதன்மையாக எடுத்துக்கொண்டனர். அதனைப் புதிதாக வடிவமைக்க முற்படும் ஒருவர் எவற்றையெல்லாம் ஆராய வேண்டியிருக்கும் என அவர்கள் வினாக்களை அடுக்கினர். ஒருமுறைக்கு எவ்வளவு நீர் எடுத்துச் செல்லப்படும், தலையிலா, இடுப்பிலா, கையிலா சுமக்கப்படும், வெறுமையாகவும் நிறைந்தும் இருக்கும்போது அதன் புவியீர்ப்பு மையம் எங்கே அமையும், வார்க்கும்போது நீர் எவ்வாறு ஓடும், பிடிக்கும் கையின் அளவென்ன, விலை என்ன, உடைந்தபின் அவ்வுலோகத்தின் பெறுமதி என்ன என அவ்வினாக்கள் நீள்கின்றன. தனியொருவர் ஒரு நாளில் ஆக்கியதன்று செம்பு என்பதே அவர்கள் உணர்த்த விரும்பிய உண்மையாகும். இவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவகம் உருவாயிற்று.

நமது சூழலில் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சுமக்கும் கூடையை மேம்படுத்த ஒரு மாணவர் முனைகின்றார் எனக் கொள்வோம். கூடையின் கயிறு நெற்றியிலும் உச்சியிலும் பதிய, பாரம் முதுகில் தங்குகின்றது. உடலளவியல் நூலைக் கையிற்கொண்டு செல்பவருக்குக் கழுத்தென்பிலும் முள்ளந்தண்டிலும் ஏற்படும் அழுத்தமே பிரச்சினையாகத் தோன்றும். பாரத்தைத் தோளுக்கு மாற்றும் பட்டியொன்றை அவர் வரைந்துவிடக் கூடும்.

ஆனால் அதே மாணவர் தொழிலாளரோடு அமர்ந்து உரையாடினால் வேறு செய்திகளும் வெளிவரும். பல தோட்டங்களில் ஒரு நாட்பெயருக்கு 16 முதல் 20 கிலோகிராம் வரையான கொழுந்து பறிக்கப்பட வேண்டும். நிறுவையின்போது கூடைக்கென்றும் ஈரத்திற்கென்றும் நிறை கழிக்கப்படுகின்றது. ஆகவே கூடையின் பாரம் உடல்நோவுடன் மட்டுமன்றிச் சம்பளத்துடனும் தொடர்புடைய விடயமாகின்றது. கூடையின் நிறை இலேசாக்கப்பட்டும் கழிவு பழைய அளவிலேயே தொடருமாயின் அவ்வடிவமைப்பின் பயன் யாரைச் சேரும்? தோட்ட நிர்வாகத்தின் நோக்கு இன்னொன்று: கொழுந்து நசுங்காமலும் வெப்பமடையாமலும் தொழிற்சாலையை அடைய வேண்டும், எனவே காற்று புகும் இடைவெளிகள் தேவை. சரிவான மலையில் இரு கைகளாலும் பறித்துத் தோளுக்கு மேலாகக் கொழுந்தைப் பின்னால் எறியும் அசைவுக்குத் தோட்பட்டி இடையூறாகலாம். அட்டைக்கும் மழைக்கும் பாதுகாப்பாக இடுப்பில் கட்டிய படங்கோடு புதிய பட்டி பொருந்துமா என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

ஒரே பொருள் மூவருக்கு மூன்று பிரச்சினைகளாகத் தோன்றுவதை இங்கு காண்கின்றோம். எவருடைய பிரச்சினையை மாணவர் தமது செயற்றிட்டத்தின் மையமாகக் கொள்கின்றார் என்பது அழகியற் தீர்மானமன்று. அது சமூகத் தீர்மானமாகும். நேர்காணல் தமிழில் நடைபெற, அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படும் நிலையில் பிறிதொரு இழப்பும் நேர்கின்றது. "கழிவு" என்று அத்தொழிலாளி கூறிய சொல் அறிக்கையில் வெறும் நிறைக்கணக்காகச் சுருங்கிவிடும். அச்சொல்லில் அடங்கிய மனத்தாங்கல் மறைந்துவிடும். கூறப்பட்டவற்றைக் கூறியவர் மொழியிலேயே குறித்து அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்த்தல் இவ்விழப்பை ஓரளவு தவிர்க்கும்.

4. அளவும் மாதிரியும்

பிரச்சினை தெளிவான பின்னர் அளவுகள் தேவைப்படுகின்றன. இங்கே "சராசரி மனிதர்" என்னும் கருத்து பெரும் மயக்கத்தை உண்டாக்குகின்றது. ஐக்கிய அமெரிக்க விமானப்படையைச் சேர்ந்த 4063 விமானிகளின் உடலளவுகளைக் கில்பேட் டானியல்ஸ் என்பவர் ஆராய்ந்து 1952இல் வெளியிட்ட அறிக்கை இம்மயக்கத்தைத் தகர்த்தது. பத்து அளவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் நடுத்தரமான வீச்சினுள் அடங்குவோரை அவர் தேடினார். பத்திலும் சராசரியாக அமைந்த விமானி ஒருவரேனும் கிடைக்கவில்லை. சராசரிக்கு அமைத்த இருக்கை எவருக்கும் முற்றாகப் பொருந்தாத இருக்கையே என்பது இதனாற் புலனாயிற்று.

ஆதலால் வடிவமைப்பாளர் எல்லைகளை நோக்குகின்றார். எட்டி எடுக்க வேண்டிய பொருளின் உயரத்தைக் குட்டையானவரைக் கொண்டும், தலை இடியாமல் நுழைய வேண்டிய வாயிலின் உயரத்தை நெட்டையானவரைக் கொண்டும் தீர்மானிக்கின்றார். நூறு பேரை உயர வரிசையில் நிறுத்தினால் ஐந்தாமவருக்கும் தொண்ணூற்றைந்தாமவருக்கும் இடைப்பட்டோரைக் கருத்திற் கொள்வது வழக்கம். எனினும் அந்த நூறு பேர் யாவர் என்னும் வினா எழுகின்றது. துறையின் தொடக்ககால அட்டவணைகள் பல மேலைநாட்டு இராணுவத்தினரை அளந்து பெறப்பட்டவை. அவற்றைக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குப் பொருத்துதல் விஞ்ஞானத்தின் தோற்றத்தை மட்டுமே தரும். முப்பது பேரையேனும் நேரிற்சென்று அளந்து, அந்த எண்ணிக்கையின் போதாமையையும் வெளிப்படையாகக் கூறும் மாணவரின் பணி, பிறநாட்டு அட்டவணையை மறுவினாவின்றிப் பிரதிசெய்யும் பணியிலும் மேலானது.

அடுத்து வருவது மாதிரிகளின் வரிசை. முதலிற் கடதாசி மட்டையிலும் நுரைப்பொருளிலும் விரைவாகச் செய்யப்படும் கரட்டு மாதிரி. அளவு சரியா, கை நுழைகின்றதா என்பதை மட்டும் அது சோதிக்கும். பின்னர் இயக்கத்தைச் சோதிக்கும் மாதிரி. அது பார்வைக்கு அழகற்றதாயினும் வேலை செய்ய வேண்டும். தொடர்ந்து தோற்றத்தைக் காட்டும் மாதிரி. இறுதியில் தோற்றமும் இயக்கமும் ஒன்றிய மூலமாதிரி. ஒவ்வொரு மாதிரியும் ஒரு வினாவுக்கு விடை தேடிச் செய்யப்படுவது. விடை கிடைத்ததும் அதன் பணி முடிந்துவிடும். கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சுப்பொறியில் உருவாக்கும் வசதி இன்று பெருகியுள்ளது. அது காலத்தை மிச்சப்படுத்துகின்றது என்பதில் ஐயமில்லை. ஆயினும் திரையிற் காணும் கோப்பைக்கு நிறையில்லை; சூடுமில்லை. முதல் மாதிரியைப் பிந்திச் செய்யும் மாணவர் தமது தவறுகளையும் பிந்தியே அறிகின்றார். திருத்துவதற்கு அப்போது காலம் எஞ்சுவதில்லை.

5. உற்பத்தியும் செலவும்

பொருள் எவ்வாறு உற்பத்தியாகும் என்பதைக் கூறாத வடிவமைப்பு முழுமையற்றது. பீங்கான் சூளையிற் சுடப்படும்போது சுருங்கும். கலவைக்கேற்பப் பத்தில் ஒரு பங்கு முதல் ஆறில் ஒரு பங்கு வரை நீளம் குறையலாம். எனவே அச்சு அந்த அளவுக்குப் பெரிதாக இருத்தல் வேண்டும். அடுங்க வேண்டிய கோப்பையில் இச்சுருக்கம் சீரற்றதாயின் ஒன்று மற்றதனுள் இறுகிச் சிக்கிக்கொள்ளும். பிளாத்திக்குப் பொருளாயின் அச்சிலிருந்து கழன்று வருவதற்குப் பக்கங்களில் ஒரு பாகையளவேனும் சரிவு வேண்டும். சுவரின் தடிப்பு எங்கும் ஒருசீராக இருத்தல் வேண்டும். இன்றேல் ஆறும்போது பள்ளம் விழும்.

சிறிய நாடொன்றில் அச்சின் விலை பெருந்தடையாகும். ஓர் உருக்கு அச்சுக்கு இருபது இலட்சம் ரூபா செலவாகின்றது எனக் கொள்வோம். இரண்டு இலட்சம் பொருள்களை விற்கக்கூடிய சந்தையில் ஒரு பொருளின்மீது அச்சுச்செலவு பத்து ரூபா. இரண்டாயிரம் பொருள்களே விற்பனையாகுமாயின் அது ஆயிரம் ரூபா. மேலைநாட்டுப் பாடநூல்கள் பெருஞ்சந்தையை முன்னிலைப்படுத்தி எழுதப்பட்டவை. இலங்கை மாணவர் தகட்டை மடித்தல், குழாயை வளைத்தல், மரக்கடைச்சல், பன்னவேலை முதலிய சிறுதொகை உற்பத்தி முறைகளையும் உரிய கணிப்புடன் ஆராய வேண்டியவராகின்றார். உள்ளூர்ப் பட்டறையில் ஒரு கம்மியரோடு செலவழிக்கும் ஒரு வாரம், சாத்தியமற்ற வளைவுகள் பலவற்றை வரைபடத்திலிருந்து நீக்கிவிடும்.

6. செயற்றிட்டம் எப்போது முடிகின்றது?

உல்ம் கல்லூரியில் 1958 முதல் 1963 வரை கற்பித்த ஹோர்ஸ்ற் றிற்றல், பின்னர் அமெரிக்காவின் பேர்க்லியில் பணியாற்றினார். 1973இல் மெல்வின் வெபரோடு இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரை திட்டமிடலுக்கும் வடிவமைப்புக்கும் பொதுவான ஓர் உண்மையை எடுத்துரைத்தது. கணிதப் புதிருக்கு விடை கண்டதும் விடை கண்டோம் என்பது தெரியும். சதுரங்கத்தில் அரசன் அகப்பட்டதும் ஆட்டம் முடியும். சமூகத்தோடு பிணைந்த பிரச்சினைகளுக்கோ இத்தகைய நிறுத்தக்குறி இல்லை. பிரச்சினையை விளங்க முயல்வதும் தீர்வைத் தேடுவதும் ஒரே வேலையாக இருத்தலால், தேடத்தேடப் பிரச்சினையே உருமாறும். அவற்றின் தீர்வுகளைச் சரி, பிழை எனப் பிரிக்கவியலாது; சிறந்தது, குறைந்தது என ஒப்பிடவே முடியும். காலமோ பணமோ பொறுமையோ தீர்ந்துபோவதாலேயே பணி நிறுத்தப்படுகின்றது என்பது அவர்களின் கருத்து.

இறுதியாண்டு மாணவரின் இக்கட்டு இங்கே துல்லியமாக வெளிப்படுகின்றது. பிரச்சினைக்கு முடிவில்லை, ஆனால் சமர்ப்பிக்கும் திகதிக்கு மாற்றமில்லை. மேலும் செம்மைப்படுத்தலாம் என்னும் எண்ணத்தால் தீர்மானங்களைத் தள்ளிப்போட்டுக் கடைசி வாரத்தில் உறக்கமின்றி உழைத்தும், நிறைவுறாத பொருளையும் அவசரமாக எழுதிய அறிக்கையையும் கையளிப்போர் எல்லாத் தலைமுறைகளிலும் இருந்துள்ளனர். இதனைச் சோம்பல் என்று மேற்பார்வையாளர் சிலர் கண்டிப்பதுண்டு. உண்மையில் அது பிரச்சினையின் இயல்பிலிருந்தே எழும் இடர்ப்பாடாகும். திறமை மிக்க மாணவரே இதனுள் ஆழமாக அகப்படுகின்றார். அவருக்கே மேலும் வழிகள் தோன்றிக்கொண்டிருக்கும்.

பிரச்சினைக்குள்ளே நிறுத்தக்குறி இல்லையாதலின் அதனை வெளியிலிருந்து மாணவரே அமைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தொடக்கத்திலேயே வெற்றிக்கான நிபந்தனைகளை எழுதிவைத்தல். "பாரம் குறைய வேண்டும்" என்பதிலும் "வெறுங்கூடையின் நிறை இன்றுள்ளதன் மூன்றிலிரண்டுக்கு மேற்படலாகாது" என்பது பயனுடையது. எட்டப்பட்டதா என்பதைத் தராசு கூறும். இரண்டாவது, ஆண்டைப் பகுத்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மீளத் திறக்கப்படாத தீர்மானங்களைப் பதிவுசெய்தல். மொத்தக் காலத்தில் மூன்றிலொரு பங்கு கழியுமுன் பிரச்சினையும், மூன்றிலிரண்டு பங்கு கழியுமுன் தீர்வின் அடிப்படையும் நிலைபெற வேண்டும். எஞ்சிய பங்கு ஆக்கத்துக்கும் சோதனைக்கும் எழுத்துக்கும் உரியது. மூன்றாவது, கைவிடப்பட்ட வழிகளை மறைக்காது அறிக்கையில் எழுதுதல். எவ்வழி ஏன் கைவிடப்பட்டது என்பது அடுத்துவரும் மாணவருக்கு முடிவுற்ற பொருளிலும் பெரிய உதவியாகலாம். செய்யப்படாத சோதனைகளை இன்னவை எனக் கூறிச் செயற்றிட்டத்தை நிறுத்துபவர் தோல்வியடைந்தவராகார். தமது அறிவின் எல்லையை வரைந்து காட்டியவராகின்றார்.

7. யாருடையது? யாருக்காக?

"தனிநபர்ச் செயற்றிட்டம்" என்னும் தொடர் ஆழ்ந்த பரிசீலனைக்குரியது. மதிப்பீட்டின் பொருட்டு ஒருவரது பெயர் தேவைப்படுகின்றது. ஆனால் பொருளோ பலரது உழைப்பின் திரட்சி. 1960களின் இறுதியில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் உருவான செயற்கைக்கால் இதற்குச் சான்றாகும். சத்திரசிகிச்சை நிபுணர் பிரமோத் கரன் சேத்தியின் மருத்துவ அறிவும், முறையான கல்வி அதிகம் பெறாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவின் கைத்திறனும் இணைந்தே அது தோன்றியது. சப்பாத்தின்றி நடக்கவும், சேற்றில் இறங்கவும், குந்தவும், சப்பணமிட்டு அமரவும் அது இடமளித்தது. மேலைநாட்டுச் செயற்கைக்கால்களின் வடிவமைப்பாளருக்கு இத்தேவைகள் தோன்றவேயில்லை. போரினாற் கால் இழந்த யாழ்ப்பாணத்தவர் பலரும் பின்னர் இக்காலையே பொருத்தி நடந்தனர். சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரை அறிந்தோர் சிலரே. பட்டறைக் கம்மியரின் ஆலோசனையாலேயே தமது ஆக்கம் சாத்தியமாயிற்று எனில் அதனை நன்றியுரையின் ஓரத்தில் ஒதுக்கிவிடாது, அறிக்கையின் உடலிலேயே எத்தீர்மானம் எவரிடமிருந்து வந்தது எனக் குறித்தல் மாணவரின் கடமையாகும்.

யாருக்காக என்னும் வினா கடும் விவாதத்துக்குட்பட்டது. 1971இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலில் விக்ரர் பாப்பனெக், வடிவமைப்பாளர் செல்வந்தரின் விருப்பங்களுக்கே உழைப்பதைச் சாடினார். ஜோர்ஜ் சீகர் என்னும் மாணவரோடு சேர்ந்து அவர் ஆக்கிய வானொலி பாவித்துக் கழித்த தகரப்பேணியால் ஆனது. மெழுகை எரித்துப் பெறும் வெப்பத்தால் அது இயங்கியது. ஒரு நிலையத்தை மட்டும் கேட்பிக்கும். அதன் வெளிப்புறத்தைப் பாவனையாளரே தம் விருப்பப்படி அலங்கரிக்க விடப்பட்டது. உல்ம் கல்லூரியில் 1966இல் இதனைக் காட்டியபோது அதன் அழகின்மை அங்குள்ளோரின் வெறுப்பைப் பெற்றதாக அவரே எழுதியுள்ளார்.

எதிர்த்திசையிலிருந்தும் விமர்சனம் எழுந்தது. உல்ம் கல்லூரியின் பட்டதாரியான குயி பொன்சீப்பே, வறிய நாடுகளுக்குப் பிறர் இரங்கி வடிவமைத்துக் கொடுக்கும் போக்கில் பழைய ஏகாதிபத்திய உறவே மறைந்துள்ளது என வாதித்தார். வடிவமைக்கும் ஆற்றலை அந்நாடுகளே பெற வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. சிலியில் 1970இல் பதவியேற்ற அலெண்டே அரசாங்கத்தின் காலத்தில் இளம் வடிவமைப்பாளர் குழுவொன்றை அவர் வழிநடத்தினார். குழந்தைகளுக்கான பால்விநியோகத் திட்டத்தின் பொருட்டுப் பால்மாவை அளக்கும் கரண்டி போன்ற எளிய பொருள்களும், தேசியமயமாக்கப்பட்ட தொழிற்சாலைகளின் செய்திகளை ஒருங்கு காணும் செயற்பாட்டு அறையும் அவர்களால் வடிவமைக்கப்பட்டன. 1973 செப்டெம்பர் 11ஆந் திகதி நிகழ்ந்த இராணுவச் சதியோடு அம்முயற்சி அழிந்தது. உல்ம் கல்லூரியும் மாநில அரசுடனான நிதிப் பிணக்கினாலும் உள்முரண்பாடுகளாலும் 1968இல் மூடப்பட்டது. வடிவமைப்பின் ஆயுள் அதனைத் தாங்கும் சமூக நிறுவனங்களின் ஆயுளோடு பிணைந்துள்ளது என்பதை இவ்விரு முடிவுகளும் உணர்த்துகின்றன.

நடைமுறை சார்ந்த ஒரு விடயமும் உண்டு. நிறுவனமொன்றின் ஆதரவோடு செய்யப்படும் செயற்றிட்டத்தில், வரைபடங்களின் உரிமை யாருக்கு என்பது பெரும்பாலும் பேசப்படாமலே விடப்படுகின்றது. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் கைத்தொழில் வடிவங்களின் பதிவுக்கும் பாதுகாப்புக்கும் இடமளிக்கின்றது. உரிமை, பயன்பாடு, கண்காட்சி ஆகியவை பற்றிய இணக்கத்தைப் பணி தொடங்குமுன்னரே எழுத்தில் பெறுதல் மாணவருக்கு மட்டுமன்றிப் பல்கலைக்கழகத்துக்கும் உரிய பொறுப்பாகும். தகவல் தந்த தொழிலாளரிடம் முடிவுற்ற ஆக்கத்தைக் கொண்டுசென்று காட்டுதலும் அவ்வாறே. தேர்வாளர் குழுவின் முன் ஒருமுறை, கூடையைச் சுமக்கப்போகும் பெண்களின் முன் ஒருமுறை என இருமுறை அவ்வாக்கம் விளக்கப்பட வேண்டும். இரண்டாவது விளக்கத்திற்குப் புள்ளிகள் இல்லை. ஆயின் கேட்கப்படும் வினாக்கள் கூர்மையானவை.

8. முடிவுரை

இறுதியாண்டுச் செயற்றிட்டத்தை ஒரு பரீட்சையாக மட்டும் கருதின் அது புள்ளியோடு முடிந்துவிடும்; மாதிரி களஞ்சிய அறையில் தூசு படியும். அதனை ஒரு சமூக வினாவுக்குத் தரப்பட்ட முதல் விடையாகக் கருதின், அதன் அறிக்கை அடுத்த மாணவருக்கு ஆரம்பமாகும். ரோரிக்றின் கோப்பைகள் தொழிற்சாலையை அடைந்தமை விதிவிலக்கான பேறு. பெரும்பாலான ஆக்கங்களுக்கு அது வாய்ப்பதில்லை. ஆனால் சோதிக்கத்தக்க நியாயங்களும், மறைக்கப்படாத தவறுகளும், பெயர் சுட்டப்பட்ட உதவிகளும் கொண்ட ஓர் அறிக்கையை எழுதுதல் எவருக்கும் இயலக்கூடியதே. இத்தகைய அறிக்கைகளை ஆண்டுதோறும் பேணி, பிற்பட்ட மாணவர் பயில வழிசெய்து, அவற்றின் சுருக்கங்களையேனும் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுதல் நமது பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளக்கூடிய பணியாகும். குயவர் சமூகம் பல தலைமுறைகளில் திரட்டிய திருத்தங்களுக்கு ஈடாக நவீன கைத்தொழில் வடிவமைப்பு திரட்டக்கூடியது இத்தகைய எழுத்துப் பதிவுகளின் தொடரையே ஆகும்.